வலது கதவின் பள்ளம்

ஜனவரி 4

காலையில் பனி. காபித்தூளில் சிக்கரி கூடியிருக்கிறது. கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும்.

சேலம் சிற்றுருவ வாகனக் கழகத்திலிருந்து ஆண்டுக் கண்காட்சிக்கான விண்ணப்பம் வந்தது. பிப்ரவரி 16. கழகத்தில் முப்பத்திரண்டு உறுப்பினர்கள். அவர்களில் ஒன்பது பேர்தான் மாதிரி வண்டி கட்டுகிறவர்கள். மற்றவர்கள் கட்டப்பட்டதை விலைக்கு வாங்கி, படம் எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டு, ஒருவருக்கொருவர் கட்டைவிரலைக் காட்டிக்கொள்கிறவர்கள். ஒன்பது பேரில் விளக்கத்தாளைப் படித்துவிட்டுக் கட்டுகிறவள் நான் ஒருத்தி.

இந்தப் பழக்கம் எனக்கு வந்ததே விளக்கத்தாளால்தான். என் கணவரின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கு மகன் ஜெர்மனியிலிருந்து பாகங்களைப் பொருத்திக் கட்டும் ஒரு லாரி கிட் அனுப்பினான். "இதுல டீசல் ஊத்த முடியாதா?" என்று கேட்டுவிட்டு அவர் பெட்டியை மேலே வைத்துவிட்டார். அவர் மறைந்து ஆறு மாதம் கழித்து நான் எடுத்துப் பிரித்தேன். உள்ளே இருந்த ஆங்கில விளக்கத்தில் பதினொரு பிழைகள். இப்படி ஓர் ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஒரு லாரியைக் கட்ட முடியுமா என்று பார்க்க நினைத்தேன். முடிந்தது. இப்போது டின்னர் செட் இருந்த கண்ணாடி அலமாரியில் ஏழு லாரிகள் நிற்கின்றன.

எட்டாவது, அவருடைய முதல் லாரி. 1974. இருபத்துநான்கில் ஒரு பங்கு அளவு. என்னிடம் ஒரே ஒரு புகைப்படம் இருக்கிறது, வலது பக்கத்திலிருந்து எடுத்தது. கண்காட்சியில் 'நம் ஊர் வண்டி' என்று புதிதாக ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அதில் இதைத்தான் வைக்கப் போகிறேன். திருச்செங்கோட்டில் லாரி உரிமையாளர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் என் கணவர் சென்னிமலை போல ஒழுங்கான ஓர் உரிமையாளரை நான் பார்த்ததில்லை.

ஏற்காடு கான்வென்ட்டில் சிஸ்டர் இக்னேஷியா எங்களைத் தினமும் நாட்குறிப்பு எழுத வைத்தார். வானிலை, செய்த வேலை, அன்றைய தவறு ஒன்று. யாருடைய தவறு என்று அவர் சொல்லவில்லை.

இன்றைய தவறு: காபிக்கடைக்காரருடையது.

ஜனவரி 9

கோயம்புத்தூர் ஜெரால்டு அனுப்பிய ரெசின் பாகங்கள் வந்து சேர்ந்தன. பகலில் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சில் ரெசின் ஊற்றி வண்டிப் பாகங்கள் வார்க்கிறார். நம் ஊர் கேபின் எந்தக் கம்பெனி கிட்டிலும் கிடைக்காது. ஏனென்றால் அந்தக் காலத்து லாரி தொழிற்சாலையிலிருந்து சேஸியாக மட்டும்தான் வரும்: எஞ்சின், மூக்கு, ஸ்டியரிங், சக்கரம். கேபினையும் பின்பெட்டியையும் இங்கே பட்டறையில் மரத்திலும் தகரத்திலும் கட்டுவார்கள். ஆகவே ஜெரால்டு என் புகைப்படத்தைப் பார்த்து கேபினையும் இரண்டு கதவுகளையும் நெற்றிப் பலகையையும் வார்த்திருக்கிறார்.

சோப்பு நீரில் கழுவினேன். அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசும் எண்ணெய் போகாவிட்டால் பெயின்ட் நிற்காது. லேசாக வளைந்திருந்த நெற்றிப் பலகையை வெந்நீரில் போட்டு நிமிர்த்தினேன். எல்லாம் சரி. வலது கதவு மட்டும் சரியில்லை. ஜன்னலின் கீழ் விளிம்பு நடுவில் பள்ளமாக இறங்குகிறது. இடது கதவு நேராக இருக்கிறது.

ஜெரால்டைப் போனில் அழைத்தேன்.

"போட்டோல அப்படித்தான் மேடம் இருக்கு. நான் ஸ்கேல் வச்சே அளந்தேன்."

"போட்டோ பழசு. வளைஞ்சிருக்கும்."

"கதவு மட்டும் எப்படி மேடம் வளையும்?"

அதிகம் பேசுகிறார். பட்டி வைத்துப் பள்ளத்தை நிரப்பினேன். நாளை உப்புத்தாள் போட்டால் இரண்டு கதவுகளும் ஒன்றுபோல் ஆகிவிடும்.

இன்றைய தவறு: ஜெரால்டு.

ஜனவரி 10

பட்டி காய்கிறது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு தேய்க்க வேண்டும். ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஜனவரி 13

விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. கழகத்தின் செயலாளர் தணிகாசலம் ஓய்வுபெற்ற உதவிப் பொறியாளர். முப்பத்துநான்கு விதிகளை எழுதியவரும் அவரே, அவற்றைப் படித்த ஒரே ஆளும் அவரே. போனில் பேசினார்.

"மேடம், உங்களை மகளிர் மற்றும் சிறுவர் பிரிவுல போட்டிருக்கேன். அங்க போட்டி கம்மி."

"எனக்கு எழுபத்துமூன்று வயசு. நான் சிறுவரும் இல்லை, போட்டிக்குப் பயப்படுகிற மகளிரும் இல்லை. நான் கேட்ட பிரிவில் போடுங்கள்."

"சரிங்க மேடம். அப்புறம், அந்தப் பிரிவுக்குப் படிவத்துல ஒரு கட்டம் காலியா இருக்கு. உரிமையாளர் எழுதியிருக்கீங்க. பாடி கட்டியவர் எழுதியிருக்கீங்க. ஓட்டுநர் பெயர் இல்லையே?"

"அது எதற்கு?"

"விதி பத்தொன்பது மேடம். நிஜ வண்டின்னா மூணு பேரும் வேணும்."

அவ்வளவு பழைய காலத்து ஓட்டுநர் பெயரெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கும் என்றேன். விசாரித்து எழுதுங்கள், பிப்ரவரி பத்தாம் தேதி வரை நேரம் இருக்கிறது என்றார். வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். பரிசளிக்க வருகிறவர் டாக்டர் பியூலா.

பியூலா என் வகுப்பு. ஆறாவதிலிருந்து பதினொன்றாவது வரை நான் முதல், அவள் இரண்டாவது. சேலத்தில் பெரிய மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவள். பார்த்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

ஜனவரி 14

பொங்கல். மகன் போனில் பேசினான். இங்கே வெயில் என்றேன், அங்கே பனி என்றான்.

ஜனவரி 20

கேபினுக்குப் பச்சை, நெற்றிக்கு மஞ்சள். இரண்டு பூச்சு. கதவுகள் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. ஜெரால்டுக்குப் படம் அனுப்பினேன். 'ஓகே மேடம்' என்று மட்டும் பதில் வந்தது. முழு வாக்கியம் எழுத இவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பெயின்ட் காயும் நேரத்தில் பழைய கடிதங்களை அடுக்கினேன். கல்யாணமான புதிதில் பியூலாவுக்கு எழுதியதன் நகல் ஒன்று இருந்தது. முக்கியமான கடிதங்களுக்கு நகல் வைப்பது கான்வென்ட் பழக்கம். 'அவர் டிரான்ஸ்போர்ட் துறையில் இருக்கிறார். அடிக்கடி வட இந்தியா சுற்றுப்பயணம். மாலையில் டென்னிஸ் ஆடுவதால் வலது கை மட்டும் கறுத்திருக்கிறது. அதுதான் என் ஒரே குறை' என்று எழுதியிருக்கிறேன். என் அந்தக் காலத்துக் கையெழுத்து அழகாகவே இருக்கிறது.

சுற்றுப்பயணம் முடிந்து வரும்போது என் கணவர் எப்போதும் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார். தலைமுடி ஈரமாக இருக்கும். சுத்தமான மனிதர் என்று என் தந்தைக்கும் எழுதியிருக்கிறேன்.

தவறு எதுவும் தென்படவில்லை.

ஜனவரி 27

பட்டறை மேஸ்திரி அர்த்தநாரி வந்தார். 1974இல் அந்தக் கேபினைக் கட்டியவர் அவர்தான். வயது எண்பதாகிறது. இப்போது பட்டறையை மருமகன் நடத்துகிறார். பாராட்டுவார் என்று நினைத்துத்தான் வரச் சொன்னேன். இதை ஏன் மறைக்க வேண்டும்?

மேசைமேல் இருந்ததைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இது யாரு வண்டிங்க?"

"என் வீட்டுக்காரர் வண்டி. நீங்கள் கட்டினது."

"நாங் கட்டுனதுல வலது கதவு இப்படி இருக்காதுங்களே. ஜன்னல் நடுவால ஒண்ணரை இஞ்சி எறக்கி வெச்சேன். ரெக்ஸின் போட்டு மெத்தை அடிச்சது எங்கீங்க?"

அது அச்சில் வந்த பிழை என்று நினைத்து நானே சரிசெய்தேன் என்றேன்.

"நல்லா சரி பண்ணிப்போட்டீங்க போங்க. அம்மா, வண்டிக்கு அளவெடுத்துக் கேபின் கட்டறது இல்லீங்க. ஓட்டறவருக்கு அளவெடுத்துத்தான் கட்டறது. சட்டை தைக்கறாப்புல. அவரைப் பலகையில உக்கார வெச்சு, முழங்கால் எங்க வருது, தோள் எங்க வருது, முழங்கை எங்க வருதுன்னு குச்சியில கோடு போட்டுக்குவோம். சென்னிமலையண்ணனுக்கு முழங்கை கொஞ்சம் தாழ வரும். அதுக்குத்தான் அந்தப் பள்ளம்."

உரிமையாளருக்கு எதற்கு அளவு என்று கேட்கலாமென்று வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

"ஜாம்ஷெட்பூர்ல இருந்து ஒம்போது நாளுங்க," என்றார். "கேபினும் இல்ல, கதவும் இல்ல. வெறும் சேஸியில ஒரு பலகையைக் கட்டி உக்காந்து, தலையில துண்டைச் சுத்திக்கிட்டு ஓட்டிட்டு வந்தாரு. எறங்குனப்ப அண்ணன்தானான்னு பாக்கற மாதிரி புழுதி. நேரா எங்க பட்டறைத் தொட்டிக்குத்தான் போனாரு. 'ஊட்டுல கான்வென்ட்டு புள்ளடா, இப்படியே போனா பயந்துரும்'னு மூணு தரம் சோப்புப் போட்டாருங்க. அதுக்கப்புறம் எப்ப வந்தாலும் எங்க தொட்டியிலதான் குளியல். சோப்புக்கட்டியே தனியா வெச்சிருந்தாரு."

காபி கொடுத்தேன். சிக்கரி கூடுதல் என்று அவரும் சொன்னார்.

ஜனவரி 28

வேலை எதுவும் செய்யவில்லை. வெயில்.

ஜனவரி 30

உண்மை எதுவோ அதுதான் இருக்க வேண்டும் என்று முடிவுசெய்து, வலது கதவில் வைத்த பட்டியை அரத்தால் எடுக்கத் தொடங்கினேன். ஒன்றரை அங்குலம் என்றால் இந்த அளவில் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். பாதியில் கதவு மூன்று துண்டாகிவிட்டது. ரெசின் அப்படித்தான், மெல்லிய இடத்தில் சொல்லாமல் உடையும். ஒரு துண்டு அலமாரிக்கு அடியில் போய்விட்டது. தரையில் படுத்து அரை மணி நேரம் தேடினேன். கிடைக்கவில்லை.

பிப்ரவரி 2

ஜெரால்டின் அச்சு கிழிந்துவிட்டதாம். சிலிக்கான் வரவழைத்துப் புது அச்சு எடுக்க மூன்று வாரம். "அன்னைக்கே சொன்னேனே மேடம்" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

தணிகாசலத்திடம் நிலைமையைச் சொன்னேன். அவர் சிறிதும் கவலைப்படவில்லை.

"இதுக்கா மேடம் இவ்வளவு டென்ஷன்? வலது பக்கத்தைச் சுவரோரமா திருப்பி வச்சிடுங்க. இடது பக்கம் சூப்பரா இருக்குல்ல? அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியப்போகுது?"

விதி ஏதாவது இதைத் தடுக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். நன்றி சொல்லி வைத்தேன். நல்ல யோசனை. அப்படியே செய்யலாம்.

பிப்ரவரி 3

செய்ய முடியாது. காரணத்தை எழுதிவிடுகிறேன்.

1981, அக்டோபர். சேலத்தில் ஒரு மண்டபத்தில் எங்கள் கான்வென்ட்டின் பழைய மாணவியர் கூட்டம். என் கணவர் அன்று ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் வழியாகப் போக வேண்டியிருந்தது. நான் பட்டுப்புடவையுடன் கேபினில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். மண்டபத்துக்கு ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார். வாசலுக்கு நான் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பின்னாலேயே குடையோடு ஓடி வந்தார். லுங்கி, காக்கிச் சட்டை. வாசலில் பியூலா நின்றிருந்தாள். "யாருடி மங்கை இது?" என்றாள்.

"எங்க டிரைவர்" என்றேன்.

அவர் குடையை விரித்து என் கையில் கொடுத்துவிட்டு மழையிலேயே திரும்பிப் போனார். மாலை ஐந்து மணிக்கு அதே தெருவில், அதே இடத்தில் வண்டி நின்றது. சங்ககிரி தாண்டினோம். பிறகு அவர்தான், ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "டிரைவர்னுதான சொன்ன. பொய்யி ஒண்ணும் இல்லையே."

அதற்குப் பின் முப்பத்தொன்பது வருடம் உயிரோடு இருந்தார். அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததில்லை. நானும் எடுக்கவில்லை.

வலது பக்கத்தைச் சுவரோரமாகத் திருப்பிவைப்பதை நான் ஒரு முறை செய்து பார்த்தாயிற்று.

பிப்ரவரி 5

கேபினைக் கழற்றினேன். பச்சை, மஞ்சள், இருபது நாள் வேலை, எல்லாவற்றையும் பெட்டியில் போட்டேன். பின்பெட்டியையும் எடுத்தாயிற்று. எஞ்சின், மூக்கு, ஸ்டியரிங், நீளமாக இரண்டு சட்டம், ஆறு சக்கரம். உரித்த கோழி மாதிரி இருக்கிறது. தீக்குச்சிப் பெட்டியின் மரத்தைச் சீவிப் பலகை செய்து குறுக்கே கட்டினேன்.

பலகையில் உட்கார ஆள் வேண்டும். என்னிடம் இருப்பது ஜெர்மன் கிட்டில் வந்த ஓட்டுநர் பொம்மை ஒன்றுதான்: தொப்பி, கோட்டு, கழுத்தில் டை, வாயில் பைப்பு. இவரைச் சென்னிமலையாக்க வேண்டும்.

பிப்ரவரி 8

மூன்று நாள். தொப்பியையும் பைப்பையும் சீவியெறிந்தேன். டை போவதற்குத்தான் அதிக நேரம் ஆனது. கோட்டைத் தேய்த்துத் தேய்த்துச் சட்டையாக்கினேன். டிஷ்யூ தாளைப் பசையில் நனைத்து லுங்கி. பட்டியில் மீசை. எம்பிராய்டரி வகுப்பில் சிஸ்டர் கொடுத்த நுனிவிரல் பயிற்சி இதற்குப் பயன்படும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். துண்டுக்குப் பழைய கைக்குட்டையிலிருந்து ஒரு கீற்று.

இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில். பெயின்ட் பூசும்போது இடது கைக்குக் கலந்த பழுப்பில் வலது கைக்கு மட்டும் இரண்டு சொட்டு கறுப்பு சேர்த்தேன்.

பிப்ரவரி 10

படிவத்தை அனுப்பினேன். உரிமையாளர்: சென்னிமலை. பாடி கட்டியவர்: இன்னும் கட்டவில்லை. ஓட்டுநர்: சென்னிமலை.

உடனே தணிகாசலத்தின் போன். "மேடம், ரெண்டு கட்டத்துலயும் ஒரே பேரு விழுந்திருக்கு. டைப்பிங் மிஸ்டேக்கா?"

இல்லை என்றேன்.

பிப்ரவரி 12

அர்த்தநாரி வந்து பார்த்தார். வெகுநேரம் குனிந்தே நின்றார்.

"துண்டு முடிச்சு எடது பக்கமுங்க" என்றார்.

அவிழ்த்துக் கட்டினேன்.

பிப்ரவரி 16

சேலம் போய் வந்தாயிற்று. வாடகைக் காரில், மடியில் பெட்டியோடு.

முதல் பரிசு ஒரு சிவப்பு அமெரிக்க லாரிக்கு. கடையில் அப்படியே வாங்கியது. வாங்கியவர் முன்னால் ஓர் எலுமிச்சம்பழமும் இரண்டு மிளகாயும் தொங்கவிட்டு அதை 'நம் ஊர் வண்டி' ஆக்கியிருந்தார். எலுமிச்சம்பழம் சக்கரத்தைவிடப் பெரியது. நடுவர்கள் கைதட்டினார்கள்.

என் மேசைக்கு நடுவர் ஒருவர் அளவுகோலோடு வந்தார்.

"கேபின் இல்லை. கதவு இல்லை. பின்பெட்டி இல்லை" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி எழுதினார். "இன்னும் முடியலையா மேடம்?"

"இவ்வளவுதான் வண்டி."

"சரி. இந்த பொம்மைக்கு ரெண்டு கையும் ரெண்டு கலரா இருக்கே. பூசும்போது கவனிக்கணும்."

"வலது கை ஜன்னலுக்கு வெளியே இருக்கும். வெயில் படும்."

அவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தார். "ஜன்னலே இல்லையே மேடம்."

"இதற்கு முன்னால் ஓட்டின வண்டிகளில் இருந்தது."

இரண்டு மதிப்பெண் குறைத்தார்.

பிறகு பியூலா வந்தாள். கைத்தடி, வெள்ளை முடி, அதே நிமிர்ந்த கழுத்து. பின்னால் தணிகாசலம், அவர் கையில் சான்றிதழ்க் கட்டு. என்னை அடையாளம் கண்டு கட்டிப்பிடித்துக்கொண்டாள். குனிந்து வண்டியைப் பார்த்தாள்.

"க்யூட்டா இருக்குடி மங்கை. யாரு இது, மேல உக்காந்திருக்கிறது?"

அதே கேள்வி. நாற்பத்துமூன்று வருடமாக நான் தயாராக வைத்திருந்த பதில்.

"என் வீட்டுக்காரர். டிரைவர். எண்பத்தொன்றில் வாசலில் நீ கேட்டாயே, அப்போது குடை கொண்டு வந்தாரே, அவர்தான். உன்னிடம் டிரைவர் என்று மட்டும் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை."

என் குரல் சற்று உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. தணிகாசலம் சான்றிதழ்களை எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பியூலா நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். நல்ல மருத்துவர் யோசிப்பதுபோல, நிதானமாக.

"டிரைவரா? எனக்கு ஞாபகமே இல்லடி. ஆனா அந்தக் குடை ஞாபகம் இருக்கு. கறுப்புக் குடை, பெருசு. நான் நனைஞ்சுக்கிட்டு நிக்கறேன், நீ பாட்டுக்கு உள்ள போய்ட்டே. செல்ஃபிஷ்னு அன்னைக்கே நினைச்சேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எனக்கே வியப்பாக இருந்தது. சான்றிதழை என் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டாள். பங்கேற்புச் சான்றிதழ். அதில் 'முழுமையடையாத மாதிரி' என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 17

வானம் தெளிவு. புது காபித்தூள்.

கண்ணாடி அலமாரியில் நடுத் தட்டைக் காலிசெய்து சேஸியை வைத்தேன். வலது பக்கம் வெளியே தெரியும்படி. ஜெரால்டுக்கு இரண்டு வாக்கியம் எழுதினேன்: உங்கள் கதவு சரியாகத்தான் இருந்தது, புது அச்சு எடுக்கும்போது பள்ளத்தை விட்டுவிட வேண்டாம். 'ஓகே மேடம்' என்று பதில் வந்தது. முழு வாக்கியமாகவே பட்டது.

பகலில், வெயில் அலமாரியில் விழுந்தபோது, பூசும்போது கவனிக்க வேண்டும் என்று நடுவர் சொன்னதை மறுபடி யோசித்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

இன்றைய தவறு: என்னுடையது. இரண்டு கைகளுக்கும் நிற வித்தியாசம் போதவில்லை. அவருடைய வலது கை இதைவிடக் கறுப்பு. நாளைக் காலை வெளிச்சத்தில் இன்னொரு பூச்சு.